நூல் பிடித்து அளந்த ஐந்நூற்று அறுபது மைல்

சில ஆண்டுகளுக்கு முன் பினாங்கிலிருந்து பாங்காக்குக்குப் பறந்தேன். முன்னிருக்கையின் முதுகிலிருந்த சிறு திரை, கடந்த தூரத்தையும் மிச்ச நேரத்தையும் காட்டிக்கொண்டே வந்தது. மொத்தமே இரண்டு மணி நேரத்துக்குள்தான். ஏறக்குறைய இதே தூரத்துக்குப் பதினோரு வயதில் நானும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன்.

அது ஜப்பான்காரர் காலம். 1944 என்பதைப் பள்ளியில் அவர்கள் வழக்கப்படி 2604 என்று எழுதினோம். மலாயாவில், செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு, சயாமில் பாங்காக் பக்கம் ரயில் பாதை போட அம்மாவின் தம்பியை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாத வேலை என்றுதான் சொன்னார்கள். அதிலிருந்து மாமாவின் மனைவி, என் அத்தை, எங்களோடு இருந்தாள்.

அப்பா சுங்கை பட்டாணி விமானத் திடலில் மண் சுமந்தார். அங்கிருந்து பாங்காக்குக்கு ஏரோப்பிளேன் போவதாக ஒருநாள் சொன்னார்.

“எவ்ளோ நேரமாகும்ணே?” என்றாள் அத்தை.

“ஏன் தங்கச்சி, டிக்கெட் எடுக்கப் போறியா?”

மணிக்கு இருநூறு மைல் என்று யாரோ சொன்னதுதான் அப்பாவுக்குத் தெரியும். எனக்கு அது போதும். வெள்ளைக்காரன் காலத்துப் பூகோளப் புத்தகத்தின் படத்தில் அத்தையின் தையல் நூலை நேராகப் பிடித்து அளந்தேன். ஐந்நூற்று அறுபது மைல். மூன்று மணி நேரம்கூட ஆகாது.

“அவ்ளோதானா! பசியாறிட்டு ஏறுனா, மத்தியானம் மரவள்ளி வேகுறதுக்குள்ள வந்துரலாமே!”

வெகு நாள் கழித்து அத்தை சிரித்தது அன்றுதான்.

அடுத்த மாதம், சயாமிலிருந்து நோயாளி என்று ரயிலில் திருப்பி அனுப்பப்பட்ட, பக்கத்து லூனாஸ் ஊர்க்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். மாமா முகாமை விட்டுத் தப்பித் தெற்கே நடக்கத் தொடங்கிவிட்டாராம். வந்தவர் போனதும் அத்தை நூலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“நடந்தா எத்தன நாளு, பாப்பா?”

ஒரு நாளைக்கு இருபது மைல் என்று வைத்தேன். இருபத்தெட்டு நாள். அத்தை கதவின் பின்புறம் நாளுக்கொரு கரிக்கோடு போட்டாள். இருபத்தெட்டும் முடிந்தது.

“நேரா எப்புடி வருவாரு? மல, ஆறெல்லாம் சுத்தணும்லா” என்று நூலைத் தளர்த்திப் பிடித்தாள். “கால்ல புண்ணு இருந்தா? பத்து மைலு போடு.”

ஐம்பத்தாறு நாள் என்றேன். அதுவும் முடிந்தது.

“காய்ச்சலா இருந்தா அஞ்சுதானே நடக்க முடியும்?”

நூற்றுப் பன்னிரண்டு.

ஒவ்வொரு முறையும் என் விடை சரியாகத்தான் இருந்தது. அவள் வேகத்தை மாற்றிக்கொண்டே இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. கதவில் இடமில்லாமல் போன பிறகு, ஒரு மாலை மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு நாளைக்கு ஒரு மைலுன்னு போட்டுப் பாரு.”

“அதுக்குக் கணக்கே வேணாம், அத்தை. ஐந்நூத்தி அறுபது நாளு.”

அத்தையின் முகம் தெளிந்தது. “அப்ப இன்னும் நெறைய நாளிருக்கு” என்று சொல்லி, நூலைச் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

ஒரு நாளைக்கு ஒரு மைல் யாராவது நடப்பார்களா, அத்தைக்குக் கணக்கே வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா ஏன் சிரிக்கவில்லை என்பதும் எனக்கு விளங்கவில்லை.