ஒரு சொட்டு எண்ணெய்

எந்தப் பூட்டு மக்கர் பண்ணினாலும் அக்கம்பக்கத்தில் சாவிக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரர், கூடவே பிடிவாதக்காரர். சொந்தக்காரர் பக்கத்தில் வந்து நிற்காமல் பூட்டில் கம்பியை விடமாட்டார். அதற்காக ஒருமுறை மழையில் ஒரு மணி நேரம் காத்து நின்றவர். அந்தக் கதையைக் கேட்காத வாடிக்கையாளரே கிடையாது.

அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆறு மாதமாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறாள், தம்பியை அடிக்கிறாள், ஏனென்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பள்ளியிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள்.

"யார்கூடவும் பேசறதில்லைங்க. நேத்து பக்கத்துப் பொண்ணோட நோட்டைக் கிழிச்சிட்டா. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்றார் ஆசிரியை.

"ஒண்ணுமில்லீங்க."

திரும்பும் வழியெல்லாம் அவருக்கு மகளைவிட அந்தக் கேள்விதான் உறுத்தியது. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்குப் போனதும், கட்டிலுக்கடியில் இருந்த அவளுடைய தகரப்பெட்டியை இழுத்தார். துருப்பிடித்த சின்னப் பூட்டு. அரை நிமிட வேலை. கைப்பழக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டார்.

உள்ளே அவர் பயந்த கண்றாவி எதுவும் இல்லை. ஒரே ஒரு நோட்டு. 'இன்னிக்கு அப்பாகிட்ட சொல்லணும்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி, எழுதி, அடித்திருந்தாள். என்ன விஷயம் என்று எங்கேயும் இல்லை. கடைசி வரி மட்டும் அடிக்கப்படவில்லை: 'ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குக் கடை லீவு. கண்டிப்பா சொல்லிடுவேன்.'

எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துப் பூட்டினார். ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தார். மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, என் பூட்டை ரெண்டு கையால திருகினாத்தான் திறக்கும். இப்ப தொட்டதும் திறக்குது."

அவர் தலை தானாகக் குனிந்தது.

"சொந்தக்காரங்க நிக்காம திறக்க மாட்டேன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களேப்பா."

அவள் கத்தவில்லை, அழவில்லை. பூட்டை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூனிக்குறுகிப் போனார் மனுஷன். கதவுக்கு வெளியே நின்று, "தப்பு பண்ணிட்டேம்மா" என்றார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது, லேசாகத் தள்ளினாலே திறந்துவிடும். அவர் தள்ளவில்லை. சொந்தக்காரி வரட்டும் என்று தரையில் உட்கார்ந்துகொண்டார்.