டோரீன் திறந்த குழாய்

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் டோரீன் உதவியாள். அங்கிருந்த டாக்டர் ஐயாவுக்கு மெதுவாகப் பேசவே வராது. "நாள் தள்ளிப்போயிருக்கா?" என்று உள்ளே ஒருத்தியைக் கேட்டாரென்றால், சாயங்காலத்துக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயமெல்லாம் அதே பேச்சாக இருக்கும். மெதுவாகப் பேசச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன டோரீன், யாராவது உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு, வாசல் குழாயைத் திறந்து மருந்துப் போத்தல்களைக் கலகலவென்று கழுவத் தொடங்கினாள். அதன்பிறகு வெளியே ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எழுபத்து நாலில் ஒருநாள் பத்திநாதன் வந்தான். மாதா கோயிலில் அவளோடு சேர்ந்து பாடுகிறவன். பெண் கேட்டு வருவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தவன். அன்று குழாயைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். திறந்தாள்.

வெளியே வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமலே, "வர்றேங்க" என்றான். அந்த மாதமே, ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களோடு, தாய் தகப்பனுடன் கப்பலேறிவிட்டான்.

"அவனுக்கு என்னான்னு கேக்க மாட்டியா, புள்ள?" என்றார் டாக்டர் ஐயா ஒருநாள்.

"கேட்டா நீங்க சொல்லிருவீங்கய்யா. அதான் கேக்கல."

இன்றும் எங்காவது குழாய் ஓடினால் அவள் கை தானாகப் போய் மூடிவிடும். பிறகு கொஞ்ச நேரம் காது கொடுத்து நிற்பாள்.