ஐந்தரை அடி மனிதர்

இரண்டு வருடங்களுக்கு முன், முதல் பருவத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த ஒரு வியாழக்கிழமை மதியம் நடந்தது இது. நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்துகிறேன். கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் ஊறிப்போன குடும்பம் எங்களுடையது.

முதல் வருடப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு நிலவியல் அறிமுக நூல் எழுதியிருந்தேன். தடி தடியான ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து மிரண்டு, ஒரே மாதத்தில் வேறு துறைக்கு ஓடிவிடும் பிள்ளைகளைப் பார்த்துப் பொறுக்காமல் எழுதியது. வடலூரில் ஒரு சிறிய அச்சகம் அச்சடித்துக் கொடுத்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிரதியை நிறுத்தி வைத்திருந்தேன். ஃபேன் ரிப்பேர் செய்ய வந்தவர்கூட இரண்டு பக்கமாவது புரட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

நிலவியல் புத்தகங்களில் ஒரு பழக்கம் உண்டு. பாறையையோ மண் அடுக்கையோ படம் எடுத்தால், பக்கத்தில் ஒரு சுத்தியலோ பேனாவோ நாணயமோ வைத்துத்தான் எடுப்போம். இல்லாவிட்டால் படத்தில் இருப்பது கைக்குள் அடங்கும் கல்லா, ஒரு மலையா என்று யாருக்கும் தெரியாது. இதை முதல் பாடத்திலேயே வக்கணையாக எழுதியிருந்தேன். ஆனால், அனுமதி வாங்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் படம் எடுக்கப் போன அன்று சுத்தியலை வேனிலேயே விட்டுவிட்டேன்.

எதிரே பழுப்பு நிலக்கரி அடுக்கு செங்குத்தாக நிற்கிறது. சற்றுத் தள்ளி, தண்ணீர் இறைக்கும் பம்பு அருகே ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி இருந்தார். “கொஞ்சம் அதை ஒட்டி நில்லுங்க” என்றேன். அவரும் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, குடியரசு தின அணிவகுப்பில் நிற்பவர் மாதிரி விறைப்பாக நின்றார். நான் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

படம் அருமையாக வந்தது. கீழே ஒரு பயிற்சியும் கொடுத்தேன். படத்தில் நிற்பவரை அளவாகக் கொண்டு நிலக்கரி அடுக்கின் உயரத்தைக் கணக்கிட வேண்டும். அவரைப் போல நான்கு பேர் ஒருவர் தலைமேல் ஒருவர் நின்றால் அடுக்கின் உச்சி வரும். ஆள் எப்படியும் ஐந்தரை அடி இருப்பார் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். ஆக, இருபத்திரண்டு அடி. கடைசிப் பக்கத்தில் விடையாகவும் அச்சடித்தாயிற்று.

அதே கேள்வியைத் தேர்விலும் கேட்டேன். ஐந்து மதிப்பெண். வகுப்பே இருபத்திரண்டு என்று எழுதியிருக்க, ஒரே ஒரு மாணவி மட்டும் இருபது என்று எழுதியிருந்தாள். யோசிக்காமல் முட்டை போட்டேன்.

அந்த முட்டைக்கு ஒரு விலை இருந்தது. தேர்வில் முதலாவதாக வருபவருக்குச் சேலம் பக்கம் பத்து நாள் களப்பயிற்சி முகாமில் இடம். எங்கள் கல்லூரிக்கு அந்த ஒரே ஓர் இடம்தான். மூன்று மணிக்குள் பெயரை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். இருபது என்று எழுதிய பெண் மூன்று மதிப்பெண் குறைந்து இரண்டாவதாக இருந்தாள்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் வைத்திருப்பேன், காலையில் நான் திருப்பிக் கொடுத்த விடைத்தாளோடு வந்து நின்றாள். வகுப்பில் வாயே திறக்காத பெண்.

“மேடம், இந்தக் கணக்கு தப்பு இல்ல.”

“புத்தகத்துல இருபத்திரண்டுன்னு போட்டிருக்கேனே, பார்க்கலையா?”

“பார்த்தேன் மேடம். புத்தகந்தான் தப்பு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரிடம் வந்து என்ன சொல்கிறாள்! அவள் புத்தகத்தைப் பிரித்துப் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இங்க நின்னுகினு இருக்கறது எங்கப்பா மேடம். அவரு அஞ்சரை அடி கெடையாது. நாலே முக்கால்தான். ஹெல்மெட்டு, பூட்ஸு சேத்தாதான் அஞ்சு. நாலு அஞ்சு இருபது.”

ஹெல்மெட்! அது என் மண்டையில் ஏறவே இல்லை. ஆனால் தோற்றுப்போக மனம் வருமா? “இதை ஏன் முதல்லயே சொல்லல?” என்று மடக்கினேன்.

“சொன்னா அப்பாவ குள்ளம்னு கிண்டல் பண்ணுவாங்க மேடம்” என்றாள். தலை குனிந்திருந்தது. ஆனால் விரலைப் படத்திலிருந்து எடுக்கவில்லை.

“அளக்காம எப்படி நம்பறது?” என்றேன், கடைசி அஸ்திரமாக.

“வந்து அளந்து பாருங்க. இன்னிக்கி செகண்ட் ஷிப்ட். ஒன்னே கால் பஸ்ஸுக்கு நிப்பாரு. அத வுட்டா ராத்திரிதான் வூட்டுக்கு வருவாரு.”

மணி ஒன்று. சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு, துறை அலமாரியிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம், அவர் ஐந்தரை அடி இருந்துவிட வேண்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அதனால் என்ன போகும் என்று நினைக்கவேயில்லை. இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

“போட்டோ புடிச்ச மேடம்தான? வாங்க, வாங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். என் முகம் சிவந்துவிட்டது. புத்தகத்தில் இருக்கும் படத்துக்காக உங்கள் உயரத்தை அளக்க வேண்டும் என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

“என்னாய்யா, போலீசு வேலைக்கு எடுக்கறாங்களா?” என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. பூட்ஸ் போட்டிருந்த மனிதர் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு மின்கம்பத்தை ஒட்டி நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். கழுத்தை நீட்டினார். டேப் ஐந்தடி இரண்டு அங்குலம் காட்டியது.

கீழே குனிந்து டேப்பின் நுனியைப் பிடித்திருந்த மகள் கத்தினாள். “யப்பா! குதிகால கீழ வையி!”

“இரும்மா. புஸ்தகத்துக்குன்றாங்க. குள்ளமாவா நிக்கறது?”

“நீ குள்ளமா இருந்தாதாம்ப்பா எனக்கு மார்க்கு!”

பஸ் நிறுத்தமே அதிர்ந்தது. டீக்கடைக்காரர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கிண்டலுக்குப் பயந்து இத்தனை நாள் வாய் திறக்காத பெண் முழு ஷிப்டுக்கும் கேட்கும்படி கத்தியிருந்தாள். அவர் மகளைப் பார்த்தார். அவர் முகத்திலும் சிரிப்பு பொங்கிவிட்டது. “மார்க்குக்குன்னா இன்னும்கூட எறங்குவேன்” என்று முழங்காலை மடக்கினார். அதுவும் கூடாது என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் தடுத்தோம். ஒருவழியாக நேராக நின்றார். சரியாக ஐந்தடி.

எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கூடவே கண்ணும் கலங்கியது. டேப்பைச் சுருட்டுவதற்குள் பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

“இதுக்காவா மேடம் வெயில்ல வந்தீங்க? அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லிருப்பனே.”

அதில் குத்தலே இல்லை. வெயிலில் வந்தவளைப் பற்றிய கரிசனம்தான் இருந்தது.

முட்டையை அடித்து ஐந்து போட்டேன். இரண்டரை மணிக்கெல்லாம் அவள் பெயரை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, தப்பு என்னுடையது, மற்றவர்களின் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன் என்றேன். முகாம் இடம் கைநழுவிய பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு எழுந்து, “அடுத்த படத்துக்கு எங்கப்பாவை நிக்க வைங்க மேடம், அவர் ஆறடி” என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

இப்போதெல்லாம் களத்தில் யாரையாவது படம் எடுக்க நிறுத்தினால் பெயர், ஊர், உயரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். என் நச்சரிப்பு தாங்காமல் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கான வருடப் பழமையான நிலக்கரியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த எனக்கு, அதன் முன்னால் நின்ற மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை, அது போகவும் வேண்டாம்.