என் வலது காலின் பொறுப்பாளர்கள்

கரமனையில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை என் வலது கால் குடும்பச் சொத்து. முழங்கால் வரை எண்ணெய் தேய்ப்பது அம்மாவின் இலாகா. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல் பட்டையுமாக மாட்டியிருந்த காலிப்பர் அப்பாவின் இலாகா. எனக்கு அந்தக் காலில் அனுபவ பாத்தியதை மட்டும் உண்டு. இரண்டு வயதில் போலியோ வந்தபோதே ஏற்பட்ட ஏற்பாடு என்பதால், பத்து வயதில் நான் அதை ஆட்சேபிக்கவும் இல்லை.

அந்த வருஷம் என் நடை இன்னும் மோசமாயிற்று. கோடை விடுமுறையில் ஆபரேஷன் என்று அப்பாவும் அம்மாவும் தீர்மானித்தார்கள். எனக்கு அது தெரிந்தது, அது நல்லபடியாக முடியவேண்டுமென்று பக்கத்து வீட்டு மாமி எனக்காக நேர்ந்துகொண்டதாகச் சொன்னபோதுதான்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பெண் டாக்டர். வலி உண்டா என்று என்னைக் கேட்டார். வழக்கம்போல நான் அப்பாவைப் பார்த்தேன்.

"வலியே கிடையாது அவனுக்கு" என்றார் அப்பா. எவ்வளவு நடக்கிறேன், எப்படித் தூங்குகிறேன் என்பதற்கும் அவரிடமே பதில் இருந்தது. எனக்கே புதிதான சில தகவல்களும் அதில் இருந்தன.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னார். "அச்சனும் அம்மையும் கொஞ்சம் வெளியில இருங்கோ. மோன் பறயட்டே."

பையன் சொல்லட்டும் என்றால், எதைச் சொல்வது? அப்பாதான் எல்லாவற்றையும் சொல்லியாயிற்றே. கதவு சாத்தியதும் மறுபடி அதே கேள்வி; நானும் அப்பாவின் பதிலை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். அவர் விடவில்லை. சரி, வலி இல்லை, வேறு ஏதாவது உண்டா என்றார்.

அது உண்டு. தொடைப் பட்டைக்கு அடியில் பகல் முழுக்க எரியும், சாயங்காலமானால் துடிக்கும். ஆனால் எனக்கு வலி கிடையாது என்று அப்பாவே சொல்வதால், அதற்கு வேறு ஏதோ பெயர் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அதைச் சொன்னதும் டாக்டர் பட்டையை அவிழ்த்துப் பார்த்தார். நல்ல அகலமாக ஒரு புண். நான் வளர்ந்துவிட்டேன், காலிப்பர் வளரவில்லை. புதிதாக அளவெடுக்கலாம், ஆபரேஷனைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, இதை அப்பாவிடம் நானேதான் சொல்ல வேண்டும் என்றார். எனக்கென்னவோ அதைவிட ஆபரேஷனே தேவலை என்று தோன்றியது. டாக்டர் முன்னால் அப்பாவைப் பொய்யராக்குவதா?

அவர்கள் உள்ளே வந்தார்கள்.

"அப்பா, எனக்கு வலிக்கறது" என்றேன். மரியாதைக்காக, "கொஞ்சம்தான்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அப்பா டாக்டர் பக்கம் திரும்பி, "வலியே கிடையா..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அம்மா என் தொடையைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கே தப்பு நடந்தது, நான் என்ன செய்திருக்கவேண்டும், ஒன்றும் விளங்கவில்லை.

புண்ணுக்கு மருந்து வைத்து அனுப்பினார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் என்னை உட்கார்த்தி, அப்பா தரையில் முட்டிபோட்டுக் காலிப்பரை மாட்டினார். தொடைப் பட்டையைக் கையில் பிடித்தபடி, "எத்தனாவது ஓட்டைல மாட்டட்டும்டா?" என்று கேட்டார்.

தினமும் காலையில் மூன்றாவது ஓட்டையில் இழுத்து மாட்டுகிறவர் அவர்தான். ஏதோ பரீட்சை என்று நினைத்து, "மூணு" என்றேன்.

அப்பா மாட்டவில்லை. பட்டையைப் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் அதையே கேட்டார். சரியான விடை சொன்ன பிறகும் ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.