புறாக்கூட்டுக் கதவு

அந்தக் கதவின் உட்புறத்தில் ஓர் இரும்பு வளையம் தொங்கியது. தொட்டால் துரு கையில் ஒட்டும். அதை இழுத்துக்கொண்டு நான் நின்ற அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மொன்றியலில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்தேன். கர்க்லாண்டுக்கு அப்பால் இருந்த பழைய பண்ணை மாளிகையொன்றின் குதிரை லாயத்தையும் புறாக்கூட்டையும் அளந்துவர வேண்டும். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிப்பவர் காய்ச்சலில் படுத்துவிட, அத்தானைக் கூட்டிப்போனேன். அக்காவின் கணவர், மன்னாரிலிருந்து வந்து அரை வருடம்கூட ஆகவில்லை. அவருக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சும் தொலைக்காட்சிச் செய்தியில் காதால் கேட்டது. கடைக் கதவுகளில் இருந்த 'Tirez' என்ற பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலம் போல எழுத்துக்கூட்டி 'டிரெஸ்' என்று வாசித்து, மருந்துக்கடையை உடுப்புக்கடை என்று நினைத்தவர். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

லாயத்தில் அவர் உற்சாகமாகத்தான் இருந்தார். குதிரைகள் நின்ற தடுப்புகள், சுவரோரத் தீவனத் தொட்டிகள், எல்லாவற்றையும் அளந்தோம். புறாக்கூடு வேறு மாதிரி. வட்டமான கற்கோபுரம், குனிந்து நுழையும் வாசல், யன்னல் கிடையாது. உள்ளே இடுப்புயரத்திலிருந்து கூரைவரை சுவரெங்கும் பொந்துகள். ஒவ்வொன்றிலும் ஒரு சோடிப் புறா இருந்ததாம். நடுத்தூணில் பொருத்திய ஏணி, எந்தப் பொந்துக்கும் எட்டும்படி தூணோடு சேர்ந்து சுற்றும். உச்சியில் பறவைகள் நுழையும் துவாரங்களால் மட்டும் வெளிச்சம் வந்தது. அத்தான் அந்தத் துவாரங்களையே பார்த்தார்.

"இதுக்குள்ள இருந்து ஆரைப் பாக்கிறவங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை அத்தான். புறாவுக்குக் கட்டினது."

"புறாவுக்கு இவ்வளவு கல்லோ?"

அப்போது காற்று கதவை அடித்துச் சாத்தியது. மழையில் ஊதிய மரம் நிலையில் இறுகிக்கொண்டது. வளையத்தைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. கூப்பிட்ட சத்தத்துக்குக் காவல்காரக் கிழவர் ஓடிவந்தார். உட்பக்கமாகத் திறக்கும் கதவு. அவர் வெளியே மரச்சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தபடி பிரெஞ்சில் கத்தினார்: "திரே! திரே!"

இழுங்கள் என்கிறார். ஆனால் அதே சொல்லுக்குச் சுடுங்கள் என்றும் பொருள் உண்டு. எங்கள் நாட்டுச் சண்டை செய்தியில் வரும்போதெல்லாம் அத்தான் கேட்டது அந்தப் பொருளில்தான். கற்சுவருக்குள் ஒவ்வொரு அடியும் வெடியாகவே எதிரொலித்தது.

ஒரு கை என் தலையை அழுத்தியது. பழைய எச்சப் புழுதியில் முகம்குப்புறக் கிடந்தேன். அத்தான் என்மேல் கவிந்து கிடந்தார்.

"தலையத் தூக்காத, பிள்ளை. மூச்சுவிடாத."

முதலில் நான் பயந்தது கதவுக்கு அல்ல, அத்தானுக்குத்தான். பிறகு அவருடைய நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொள்வது தெரிந்தது. போரையே பாராமல் இங்கே வளர்ந்த நான், வெளியே நிற்பவர் சுடத்தான் போகிறார் என்று முழுதாக நம்பினேன். கதவு விட்டுக்கொடுத்துக் கிழவர் உள்ளே தடுமாறி வந்தபோதும் எனக்குக் கண்ணைத் திறக்கத் துணிவில்லை. எங்களுக்கு அடிபட்டுவிட்டதோ என்று அவர்தான் பதறிப்போனார். நான் கண்ணைத் திறந்தபோது அத்தான் அவர் கையிலிருந்த சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், காருக்குள், சொல்லின் இரண்டு பொருளையும் விளக்கினேன். அவர் 'டிரெஸ்' என்று வாசித்ததும் அதே சொல்தான் என்றேன். ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அத்தான் வழியோரக் கடைகளைப் பார்த்தார்.

"அப்ப இஞ்ச எல்லாக் கதவிலயும் அதைத்தானோ எழுதி வச்சிருக்கிறாங்கள்?"

அதற்குப் பிறகு கடைவாசல்களில், கொட்டும் பனியிலும், வேறு யாராவது திறக்கும்வரை நிற்கத் தொடங்கினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அத்தானுக்கு இருட்டே தேவைப்படவில்லை.

இப்போது அந்தப் பண்ணையைத் திருத்திப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். போன கோடையில் அத்தானே கேட்டார், கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் கதவு எங்களுக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது. வளையத்துக்குக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். அதற்கு மேலே ஒரு புதிய தகட்டில் அந்தச் சொல். அத்தான் அதை எழுத்துக்கூட்டாமல் சரியாக வாசித்தார். அவருடைய இடக்கை வந்து என் நரைத்த தலையை அழுத்தியது. நான் குனிந்தேன். வலக்கையால் அவர் வளையத்தை இழுத்தார்.