விலைக்கு ஒரே வாசல்

இன்று கம்பத்தில், வாழைத்தார் ஏலம் விடும் மண்டியில் இருந்தேன். நான் எழுதிக் கொடுத்த ஆப், மூன்று போன்களில் மூன்று விலை காட்டியது. ஒருவர் தன் திரையில் விலையை மாற்றினால் மற்ற போன்களுக்குத் தெரியவில்லை.

சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்றை, அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்பை, அந்த ஆப்பில் போட்டேன். இனி விலை ஒரே இடத்தில் இருக்கும். யாரும் தன் திரையில் நேராக மாற்ற முடியாது; மாற்றம் முதலில் அங்கே போய், அங்கிருந்துதான் எல்லாத் திரைக்கும் வரும்.

மண்டி முதலாளி கொதித்தார். "என் விலைய என் போன்லயே நேரா மாத்தக் கூடாதாம்மா?"

"கூடாதுண்ணே. நீங்க ஏலம் கூவுறப்ப உங்க மச்சான் குறுக்க ஒரு விலை சொன்னா விடுவீகளா?"

"வெளிய போடான்னுருவேன்!"

"அதத்தேன் இந்த லைப்ரரியும் சொல்லுது."

பக்கத்தில் நின்ற மச்சான் என்னை முறைத்தார்.

'இத்துனூண்டு லைப்ரரி எதுக்கு, பெரிசாப் போடு' என்று சொல்லப்போகும் நண்பர்களே, தாராளமாக கமெண்ட்டுக்கு வாருங்கள். குறுக்கே விலை சொல்லும் மச்சானுக்கும் துணை வேண்டும்.