இஞ்சி, மாட்சா, நான் முந்திக்கொண்ட பதில்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் குளியலறை வாசலில் நின்றுகொண்டு, "அந்த… அது…" என்றார். "துண்டா?" என்று கேட்டு எடுத்துக் கொடுத்தேன். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்து, கோப்பையைப் பார்த்து, "இதுல… கொஞ்சம்…" என்றார். "தேன் போட்டாச்சு, குடிங்க" என்றேன். மூன்றாவது முறை, "தல…" என்று நெற்றியில் கை வைத்தார். "நேத்து மழையில நனைஞ்சீங்க, அதான் தலைவலி. மாத்திரை எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது கோப்பை அவருடைய வலக்கையிலிருந்து நழுவி, மேசையெல்லாம் இஞ்சித் தண்ணீராகக் கிடந்தது. அவர் அதைத் துடைக்க முயலவில்லை. வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அவருக்குச் சொற்கள் வராமல் போய் ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் அவருடைய வாக்கியங்களை நான்தான் முடித்துக்கொண்டிருந்தேன்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களின் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, நோயாளியைவிட அதிகம் பேசும் வீட்டாருக்காக.

என் கணவர் செல்வம் எங்கள் ஊர் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் முப்பது வருடம் விற்பனையாளராக இருந்தவர். மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு என்று அவர் நிறங்களைச் சொல்லிப் புடவையை விரித்தால், சும்மா பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வாய்க்காரர் வீட்டில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். திறக்க நான் விட்டதில்லை என்பதுதான் உண்மை. நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வகுப்பில் பதில் வரத் தாமதமானால் நானே சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேலி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய இதயத்தின் ஒரு வால்வு பழுதாகி, உலோக வால்வு பொருத்தினார்கள். அது மூடும் ஒவ்வொரு முறையும் கைக்கடிகாரம்போல 'டிக்' என்று ஒலிக்கும். அறை அமைதியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அந்த வால்வில் இரத்தம் கட்டிவிடக் கூடாது என்பதற்காக ஆயுள் முழுவதும் வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை) சாப்பிட வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனையில் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண்) பார்ப்பார்கள். அவருக்கு அது மூன்றை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் இரத்தம் கட்டும், கூடினால் கசியும்.

கீரையை அளவோடு சாப்பிடச் சொன்னார்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே (இரத்தம் உறைய உதவும் சத்து) மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்றார்கள். நான் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். ஆயர் ஈத்தாம் பசாரில் (சந்தையில்) முளைக்கீரை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். வாரம் ஒரு நாள் ஒரு கரண்டி, அவ்வளவுதான்.

சென்ற வருடம் சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் கவிதா விடுமுறைக்கு வந்தபோது, ஒரு சிறிய டின் மாட்சாவும் (ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி) அதைக் கலக்கும் மூங்கில் மத்தும் கொண்டு வந்தாள். கடையில் இரண்டு வேளையும் சீனி போட்ட 'தே ஹாலியா' (இஞ்சித் தேநீர்) குடிக்கும் மனிதரைத் திருத்த எனக்கு ஒரு வழி கிடைத்தது. அவர் அந்த மத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், இது என்னா லா, சவரம் பண்ற பிரஷ் மாதிரி இருக்கு?"

"பேசாம குடிங்க. உடம்புக்கு நல்லது."

செய்முறையை நான் வெகு சிரத்தையாகக் கற்றுக்கொண்டேன். இஞ்சியைத் தோல் சீவி, நசுக்கி, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுவேன். கொதிக்கும் நீரை மாட்சாவில் ஊற்றினால் கசக்கும் என்பதால் சூடு சற்று அடங்கும்வரை காத்திருப்பேன். இரண்டு தேக்கரண்டி பொடியைச் சல்லடையில் சலித்து, கொஞ்சம் இஞ்சி நீர் விட்டு, நுரை எழும்வரை மத்தால் அடித்து, மீதி நீரை ஊற்றித் தேன் கலப்பேன். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு நாள் தவறவிட்டதில்லை. அவர் அதற்கு 'புல்லுத் தண்ணி' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தாரே தவிர, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

கீரையை எண்ணி எண்ணிப் போட்டவள், ஒரு பச்சை இலையையே பொடியாக்கித் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தேன். தேநீர் என்ற வார்த்தை என் கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்த பரிசோதனையில் எண் இரண்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மருந்தாளர் இளம் மலாய்ப் பெண், பொறுமைசாலி. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். பிறகு ஊபாட் கம்போங் (நாட்டு மருந்து), மூலிகை, புதிதாகச் சேர்த்த உணவு ஏதாவது உண்டா என்று மலாயில் கேட்டார். கேள்வி என் கணவரைப் பார்த்துத்தான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாகி…" என்று தொடங்கினார். 'காலையில்' என்று பொருள்.

"தாக் அடா," என்றேன் நான். ஒன்றும் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே பல தடவை விளக்கம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். நாட்டு மருந்து என்றால் காகிதப் பொட்டலத்தில் கட்டித் தருவது என்பது என் நினைப்பு. மாட்சா, படித்த பிள்ளைகள் கண்ணாடிச் சுவர் வைத்த காப்பிக் கடைகளில் உட்கார்ந்து குடிப்பது. மூன்றாம் பாடத்துக்குள் பள்ளிக்குத் திரும்பவும் வேண்டியிருந்தது. எல்லாம் சரிதான். அவர் பேச வாயெடுத்தார், நான் விடவில்லை என்பது மட்டும் எந்த விளக்கத்துக்குள்ளும் அடங்கவில்லை.

மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். எண் மூன்றுக்கு வந்தது, அங்கேயே நின்றது. நிலையாக இருக்கிறதே என்று அடுத்த பரிசோதனையைத் தள்ளி வைத்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு மாட்சா தீர்ந்தது. நான் வழக்கமாக வாங்கும் கடையில் டின் அடுக்கும் தட்டு காலியாக இருந்தது. "ஹாபிஸ் லா, டீச்சர். எப்ப வரும்னு தெரியல," என்றார் கடைக்காரர். இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் காலையில் அவருக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று இஞ்சியை இரண்டு மடங்காக்கினேன். மாத்திரை மட்டும் கூட்டிய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூளையின் இடப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு திட்டு.

"ஆன்ட்டி, உள்ளுக்குள்ள இரத்தம் கசிஞ்சிருக்கு. ஐ.என்.ஆர். ஆறுக்கு மேல போயிருச்சு. மாத்திரையோட வேலைய நிறுத்த வைட்டமின் கே ஊசி போடறோம். இன்னொரு மருந்தும் ஏத்தறோம்."

"பேசுவாரா டாக்டர்?"

"மொதல்ல கசிவு நிக்கட்டும் ஆன்ட்டி."

கசிவு நின்றது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் வலக்கை, வலக்கால் இரண்டும் தளர்ந்துவிட்டன. அஃபேசியா (மூளை பாதிக்கப்பட்டதால் பேச்சு வராமல் போவது) என்று எழுதினார்கள். மற்றவர்கள் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரியும், சொல்ல வேண்டிய சொல்தான் அகப்படாது என்றார் மருத்துவர். சொன்னதை நான் சரியாக மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. பேசாதவருக்குப் புரியாது என்றே நடந்துகொண்டேன்.

நான்காம் நாள் வார்டு மருந்தாளர் வந்தார். தமிழ்ப் பெண், என் மாணவி வயது. கட்டிலின் அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"ஆன்ட்டி, கடைசி ரெண்டு மாசத்துல அங்கிள் புதுசா ஏதாச்சும் சாப்பிட்டாரா? இல்லன்னா, சாப்பிட்டுக்கிட்டிருந்தத நிறுத்தினாரா?"

நிறுத்தினாரா என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு விளக்கினார். மாட்சாவில் இலை முழுதாக உள்ளே போவதால் வைட்டமின் கே உண்டு. அதனால்தான் முதலில் எண் இறங்கியிருக்கலாம். அதை ஈடுகட்ட மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். மாட்சா நின்றதும் எதிர்க்க ஆளில்லாமல் கூட்டிய மாத்திரை முழு வேலையையும் செய்திருக்கலாம். இஞ்சியும் அதிகமானால் சிலருக்கு இரத்தம் கசிவதைக் கூட்டக்கூடும்.

"அப்ப நான்தான் காரணமா மா?"

"இதுவும் ஒரு காரணமா இருக்கலாம் ஆன்ட்டி. இதுதான்னு என்னால சொல்ல முடியாது."

நீங்கள்தான் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரேயடியாக அழுது தீர்த்திருப்பேன். 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்றுவரை அது என்னோடுதான் இருக்கிறது. என் கணவர் கண்களை மூடிப் படுத்திருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, "அவர்கிட்ட இதச் சொல்லாதீங்கம்மா," என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் வீடு திரும்பும் முன்பே மூங்கில் மத்தையும் காலி டின்னையும் குப்பையில் போட்டேன். கவிதாவிடம் சொன்னேன். "நான்தானம்மா வாங்கிட்டு வந்தேன்," என்று அவள் அழுதாள். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் பேசத் தொடங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நாளைத் தள்ளினேன்.

பேச்சுப் பயிற்சியாளர் சீனப் பெண். முதல் நாளே என்னை அளந்துவிட்டார். வண்ண அட்டையைக் காட்டி என் கணவரிடம் கேட்டால், நான் உதட்டை அசைத்துப் பதிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் அட்டையைக் கீழே வைத்தார். "துங்கு, புவான்," என்றார். பொறுங்கள் அம்மா. "நீங்கள் எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு சொல்லும் அவர் தேடாமல் விட்டுவிடும் சொல். மனதுக்குள் பத்து எண்ணுங்கள்."

பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. மிக வேகமாக எண்ணிவிட்டுப் பதிலைச் சொல்லிவிடுவேன். கடைசியில் அவருடைய வால்வுதான் எனக்குக் கைகொடுத்தது. அருகில் உட்கார்ந்து அதன் ஒலியை எண்ணத் தொடங்கினேன். அதை என் இஷ்டத்துக்கு அவசரப்படுத்த முடியாது.

அட்டைகளுக்குப் பதில் என் அலமாரியிலிருந்த புடவைகளை எடுத்துப் போட்டேன். இடக்கையால் அவற்றைத் தடவித் தடவிப் பார்ப்பார். ஒரு பிற்பகல், முப்பத்தாறு எண்ணிய பிறகு, "வெங்…காயம்," என்றார். மடியில் கிடந்தது வெங்காயச் சருகு நிறப் புடவை. நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கசிவுக்காக இரண்டு வாரம் நிறுத்திய வார்ஃபரினை, வால்வு இருக்கிறதே என்று மறுபடி தொடங்கியிருந்தார்கள். ஐந்து மாதம் கழித்து, அதே பழைய அறையில், அதே இளம் மருந்தாளர் முன் உட்கார்ந்தோம். எண் சரியாக இருந்தது. அவர் என் கணவரைப் பார்த்து அதே கேள்வியை மலாயில் கேட்டார். உணவில், பானத்தில் ஏதாவது மாற்றம் உண்டா?

என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். வெளியே வரிசை எண்களைக் கூப்பிடும் சத்தத்தில் வால்வு கேட்கவில்லை. என் கணவரின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு குத்துமதிப்பாக எண்ணினேன். மருந்தாளரும் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"புல்லு… தண்ணி," என்றார் தமிழில். பிறகு, "இல்ல. இப்ப… இல்ல."

மருந்தாளர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் மலாயில் முதலிலிருந்து சொன்னேன், இதே நாற்காலியில் நான் சொன்ன பதில் உட்பட. அவர் மாத்திரை அளவை எழுதும் மஞ்சள் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். சாவியைத் திருகவில்லை. உள்ளே டிக் டிக் என்று கேட்டது. "ஒங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

இருபதைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வார்டுல… கேட்டேன்," என்றார். இன்னும் ஏதோ சொல்ல உதட்டைக் கூட்டினார். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் நாலைந்து நாக்கில் வந்து நின்றன. விழுங்கிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

"அன்னிக்கு… சொல்ல… வந்தேன் டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டேன் என்பதுபோலச் சொன்னார். மன்னிப்பு கேட்டேன். அவர் இடக்கையை நீட்டி, என் கையை எடுத்துச் சாவியின்மேல் வைத்தார்.

உங்கள் வீட்டில் வார்ஃபரின் சாப்பிடுபவர் இருந்தால், புதிதாகச் சேர்ப்பதையும் பழக்கமானதை நிறுத்துவதையும் மருந்தாளரிடம் சொல்லிவிடுங்கள். நல்லது என்று நினைத்துக் கொடுப்பதை முதலில் சொல்லுங்கள். கேள்வி நோயாளியிடம் கேட்கப்பட்டால் அவரையே பேச விடுங்கள்.

நான் இப்போது வகுப்பிலும் காத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆச்சரியம். முன்பெல்லாம் எனக்கு எதற்கும் நேரம் போதாது. இப்போது எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் முடிய இருபது டிக், சில நாள் நாற்பது. காலையில் அவர் மேசைக்கு வந்து உட்கார்கிறார். "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் நிற்கிறேன்.